நாற்றம் போன கயிறு

பூமியைக் காப்பாற்றக் கிளம்பி, அக்கா புருஷனின் காலை உடைத்தவன் நான். இதை வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எப்படிச் சொன்னாலும் கால் உடைந்துதான் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஏழு என்று நினைவு. எனக்கு இருபத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை ஏறும் ஒரு சிறு குழுவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மற்ற ஐவரும் அடையாறு, பெசன்ட் நகர் பக்கம். மீன்பிடித் துறைமுகத்துக் காசிமேட்டுக்காரன் நான் ஒருவன்தான். (ஏறுவதில் நான் கடைசி. ஏறுவதைப் பற்றிப் பேசுவதில் சிகரத்தில் இருந்தேன்.)

எங்கோ ஒரு கட்டுரை படித்தேன். ஏறும் கயிறு பெட்ரோலிய எண்ணெயில் பிறக்கிறது, கொக்கி உருக்கிய அலுமினியத்தில், இரண்டும் கப்பலேறி வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் புகையாக ஒரு கரிமத் தடம் என்றது அது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் துண்டறிக்கை எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். இடுப்புப் பட்டையை இரவல் வாங்குங்கள், ஷூவுக்கு அடி மாற்றுங்கள், பாறைக்குக் காரில் போகாமல் ரயிலில் போங்கள். இதுவரை நியாயம். கடைசி வரியில் எழுதினேன்: கயிறும் பழையதே போதும்.

குழுத் தலைவி ஷீலா அந்த வரியைப் பேனாவால் அடித்தாள். எதை வேண்டுமானாலும் இரவல் வாங்கலாம், கயிறு மட்டும் அதன் வரலாறு தெரிந்ததாக இருக்க வேண்டும் என்றாள். எனக்கு ரோஷம் வந்தது. வரலாறு தெரிந்த கயிறு எங்கள் வீட்டிலேயே இருந்தது.

விசைப்படகில் கடலுக்குப் போகும் அக்கா புருஷன் குமரேசன் மாமாவிடம் போய் நின்றேன். கரிமத் தடத்தை விளக்கினேன். அவர் பீடியை அணைக்காமல் கேட்டார். பிறகு எண்ணூர் அனல்மின் நிலையத்தின் பக்கம் கை நீட்டினார்.

“அத்தினி பெரிய சிம்னிய வுட்டுட்டு, கயித்தாண்ட வந்துகினியா மச்சான்?”

ஆனாலும் கொடுத்தார். நங்கூரத்துக்குக் கட்டிய நைலான் கயிறு. ஒரே பருவம் ஓடியது, வெயிலில் போடாமல் வைத்திருந்தது, தைரியமாக எடுத்துப் போ என்றார்.

கயிறு நாறியது. நியாயமான, நேர்மையான மீன் நாற்றம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது நாற்றமே இல்லை. எனக்கு மட்டும் அந்த ஐந்து பேரின் மூக்குகள் கண்முன் வரிசையாக நின்றன. சோப்பு போட்டேன், போகவில்லை. ஷாம்பு போட்டேன், மீனுக்கு மல்லிகை சூட்டியது போல் ஆனது. கடைசியில் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை வாளியில் ஊற்றி, கயிற்றை ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் அது வெளுத்துப் போய், சாந்தமாக, எந்த ஊரையும் சேராததாக இருந்தது. பெருமையாக இருந்தது. (நைலானுக்கு ஆசிட் ஆகாது என்பது அதைக் கட்டி இழுக்கும் எல்லோருக்கும் தெரியுமாம். நான் பேசுகிறவன்.)

திருவொற்றியூரில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்சுவர். அங்கேதான் செயல்விளக்கம். மாமாவே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கூட வந்தார். ஏன் வெளுத்திருக்கிறது என்றார், துவைத்தேன் என்றேன். மேலே இருந்த இரும்பு வளையத்தில் மாட்டினோம். ஷீலா கயிற்றை விரலால் உருட்டிப் பார்த்தாள். சொரசொரவென்று இருக்கிறது, நான் ஏற மாட்டேன், என் ஆட்களும் ஏற மாட்டார்கள் என்றாள். அப்படியானால் நான் ஏற வேண்டும். இடுப்பில் பட்டையை மாட்டினேன். அதன் வாரை மூன்று முறை அவிழ்த்து மூன்று முறை இறுக்கினேன். ஐந்து பேரும் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார்.

“குடு மச்சான். சின்ன வயசுல பாய்மரத்துல ஏறாததா?”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆசிட் என்று மூன்றே எழுத்து. சொன்னால் நாற்றத்தைச் சொல்ல வேண்டும். நாற்றத்தைச் சொன்னால் அந்த ஐந்து பேர் எதிரில் காசிமேட்டைச் சொல்ல வேண்டும். பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

பன்னிரண்டடி உயரத்தில் அவர் கைப்பிடி தவறியது. முழு எடையும் கயிற்றில் விழுந்தது. சத்தம்கூட வரவில்லை. ஊறின காகிதம் போல விட்டுவிட்டது.

குதிகால் எலும்பு மூன்று துண்டு. ஒரு கயிற்றின் புகையை மிச்சம் பிடித்து, ஒரு ஆம்புலன்ஸ், ஆறு எக்ஸ்ரே, இரண்டு ஆபரேஷன், ஒரு கிலோ மாவுக்கட்டு என்று உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா, “என் கயிறுதான் பயசு, அவன் மேல தப்பில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நான்கு நாள், நான்கு டஜன் ஆரஞ்சு.

ஐந்தாம் நாள் கலா அக்கா அறுந்த துண்டைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். மாமா போகும் படகின் முதலாளியிடம் காட்டி, இந்த மாதிரிக் கயிறு இனி வாங்காதீர்கள் என்று சொல்வதற்காக. கட்டிலருகே உட்கார்ந்தவள் அதை மூக்கருகே கொண்டு போனாள்.

“இது நம்ம கயிறு இல்லியே. வாசனையே இல்லியே.”

சொல்லிவிட்டேன். அக்கா அடிக்கவில்லை. மாமா அந்தத் துண்டை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார்.

“நாறுதுன்னு சொல்லிகிறதுதானே மச்சான். புச்சா ஒண்ணு வாங்கிக் குட்த்துருப்பேன்.”

அதற்குப் பிறகு அவரால் ஆடும் படகில் நிற்க முடியவில்லை. இப்போது கரையில் மீன் ஏலம் கூவுகிறார். ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. குழம்பு கொஞ்சம் சப்பென்று இருந்தால் போதும், மாமா அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: “இன்னா கலா, மீன ஒன் தம்பியாண்ட குட்த்து கயுவுனியா?” பிள்ளைகள் புரையேறச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் கை கழுவ எழுந்து நடக்கும்போது மட்டும், தட்டில் இல்லாத முள்ளைத் தேடிக்கொண்டிருப்பேன்.