டேங்க் அண்ணாச்சி கட்டிய கேரவன் பார்க்

கொச்சி மட்டாஞ்சேரியில் கக்கூஸுக்குப் போகிற பழக்கம் உள்ள யாராலும் டேங்க் அண்ணாச்சியை மறக்க முடியாது. கிண்டலுக்குச் சொல்லவில்லை, முழு மரியாதையோடு சொல்கிறேன். எங்கள் பக்கம் இரண்டடி தோண்டினால் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அந்த மண்ணில் செப்டிக் டேங்கை இறக்கி, இறக்கிய இடத்திலேயே அதை இருக்க வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்தவர். சொந்தப் பெயர் என்னவென்று அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'அன்புள்ள டேங்க் அண்ணாச்சி' என்றே அச்சடித்தார்கள். அடித்தது நான்தான். தெருமுனையில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த கடை எனக்கு.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கண் வேறெதிலும் நிற்காது. துக்க வீடாக இருந்தாலும் பின்பக்கம் ஒரு எட்டு போய், டேங்க் மூடியைக் குதிகாலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் வந்து உட்காருவார். மழைக்காலம் நெருங்கினால் வீடு வீடாகப் போய் ஒரே பாட்டுத்தான்: மழை நேரத்தில் டேங்கைக் காலியாகப் போடாதீர்கள், அடித் தண்ணீர் ஏறினால் காலி டேங்க் படகு மாதிரி மிதந்து மேலே வந்துவிடும், சுத்தம் பண்ணினால் உடனே தண்ணீர் ரொப்பி வையுங்கள். பச்சைப் பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் சொல்கிற நர்ஸம்மா கூட இவ்வளவு தடவை சொல்லமாட்டார்.

இப்படிப்பட்டவர் குடியிருந்தது லைன் வீட்டில். எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். அவர் மனைவி செல்லம்மா அக்கா தோசை மாவு அரைத்து விற்பவர். விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நிற்பார். உள்ளே போய் மூச்சு விடுவதற்குள் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கதவை உடைக்கும். "எனக்கு நகையும் வேண்டாம், பட்டும் வேண்டாம். எனக்கே எனக்குன்னு ஒரு கக்கூஸ், அதுக்கொரு தாழ்ப்பா. அது போதும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இருபது வருஷம் சீட்டுக் கட்டி, வளையலையும் விற்று, வீடு கட்டுவதற்காகப் பள்ளுருத்தி தாண்டி, இங்கே தோடு என்று சொல்கிற ஒரு வாய்க்காலின் கரையில் முப்பது சென்ட் வாங்கினார். பத்திரத்தில் தென்னந்தோப்பு. நேரில் போய்ப் பார்த்தால் மூன்று தென்னை, மிச்சமெல்லாம் கோரைப்புல்லும் காட்டுச்சேம்பும் பாம்புகளும்.

வீட்டுக்கு நூல் பிடிக்கப் போகிற சமயத்தில்தான் அண்ணாச்சி கடற்கரையில் அந்த வண்டியைப் பார்த்துத் தொலைத்தார். புனேயிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு தம்பதியின் கேரவன். உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. அழுக்குத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அந்தச் சார் முழித்துக்கொண்டிருந்தாராம். அண்ணாச்சி சட்டையைக் கழற்றி வண்டிக்கு அடியில் புகுந்தவர், அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். நேரே என் கடைக்கு வந்தார்.

"தாயி, வீட்டுல டேங்க் பாத்திருக்கேன். டேங்கோட ஓடுற வீட்டை இன்னைக்குத்தான் பாக்கேன். பாவம், ஊரு ஊரா சுத்துதாங்க, கொட்ட எடமில்லாம. நம்ம எடத்துல நிறுத்தட்டும். கேரவன் பார்க்குன்னு ஒரு அப்ளிகேஷன் அடி."

நான் அடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். மறுநாள் செல்லம்மா அக்கா கடைக்கு வந்து, அண்ணாச்சியோடு இனி பேசப் போவதில்லை என்றும், சொல்ல வேண்டியதை என் மூலமாகவே சொல்லப் போவதாகவும் அறிவித்தார். முதல் செய்தி: ஓணத்துக்குள் அந்த நிலத்தில் ஒரு வண்டியாவது வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் வண்டியும் கிடையாது, கிண்டியும் கிடையாது, அங்கே வீடுதான். அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் பத்தடி தள்ளி நின்றுகொண்டு என்னைத் தபால்காரியாக்கினார்கள்.

பஞ்சாயத்து ஆபீசில் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்து எல்லோருக்கும் குழப்பம். ஹோட்டலா, பார்க்கிங்கா, ஒர்க்‌ஷாப்பா, எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று மேஜை மேஜையாக அனுப்பினார்கள். கடைசியில் ஓவர்சியர் ஒருவர் நேரில் பார்க்க வந்தார். அதற்குள் புல்லை வெட்டி, செம்மண் அடித்து மேடாக்கியிருந்தோம். கேட் இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. டேங்க் மட்டும் முடிந்திருந்தது. ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதுமான டேங்க், உள்ளே முழுக்க வெள்ளை டைல்ஸ். அண்ணாச்சி அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஏணி வழியாக உள்ளே இறக்கி, அங்கேயே சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார். ஓவர்சியர் சாயாவை ஊதிக்கொண்டே, "இதொக்கெ சரி. வண்டி எவிடே?" என்று கேட்டார்.

"வண்டி வரும் சாரே. டேங்க் வந்துல்லோ" என்றார் அண்ணாச்சி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற தோரணையில்.

ஓவர்சியர் ஒரு நல்ல கேள்வியும் கேட்டார். வழியில் ஒரு திருப்பம் இருக்கிறதே, அவ்வளவு பெரிய வண்டி திரும்புமா? அண்ணாச்சிக்கு அன்று தூக்கம் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூங்கிலையும் கயிற்றையும் வைத்து கேரவன் அளவுக்கு ஒரு சட்டம் கட்டினார். நாலு மூலைக்கு நாலு ஆள். இடது பின் சக்கரம் நான். அண்ணாச்சி நடுவில் நின்று, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று எங்களை ஓட்டினார். எதிரே சைக்கிளில் வந்த ஒரு சேட்டன் ஒன்றுமே கேட்காமல் இறங்கி, ஓரமாக நின்று வழி விட்டார். திருப்பத்தில் என் மூலை பக்கத்து வீட்டு மதிலில் இடித்தது. மதில்காரரிடம் போய் அண்ணாச்சி என்ன பேசினாரோ, அவர் வீட்டு டேங்கைப் புதுசாகக் கட்டிக் கொடுத்தார், மதில் ஒரு முழம் உள்ளே போயிற்று. இதை எல்லாம் நான் செல்லம்மா அக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மாவுப் பாக்கெட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, ஓணத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார்.

ஓணம் நெருங்கியது. ஒரு வண்டியையும் காணோம். அண்ணாச்சி முகம் சுண்டிப்போய்த் திரிந்தார். அப்போதுதான் அந்தப் புனே தம்பதி மறுபடி தெற்கே வருவதாகப் போன் வந்தது. அனுமதிக்கு ஓவர்சியரின் கடைசிப் பார்வை மட்டும் பாக்கி. அவரையும் அதே நாளில் வரச் சொன்னோம். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளி வருகிறார்களே என்று டேங்கில் ரொப்பி வைத்திருந்த தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தார். டைல்ஸைப் பழைய வேட்டியால் பளபளவென்று துடைத்தார். மூடியைப் போட்டு, மேலே ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார்.

அன்றே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை.

நாலாம் நாள் காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது டேங்க் எழுந்து நின்றுகொண்டிருந்தது. இடுப்பளவு உயரத்துக்கு மேலே வந்து, ஒரு பக்கம் சாய்ந்து, குழாய்களையெல்லாம் பிடுங்கி எறிந்திருந்தது. சந்தனப் பொட்டு அழியாமல் அப்படியே இருந்தது. மட்டாஞ்சேரி முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்ன மனுஷன், தன் டேங்கைக் காலியாகப் போட்டுவிட்டார். அண்ணாச்சி ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓவர்சியர் வந்து பார்த்தார். மறுபடி தோண்டிய பிறகு கூப்பிடச் சொன்னார். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது.

கேரவனும் வந்தது. திருப்பத்தில் ஜம்மென்று திரும்பி வந்து வழிமுகப்பில் நின்றது. உள்ளே விட முடியாது, நிலம் முழுக்கச் சேறு. செல்லம்மா அக்காவும் மாவு வேலையை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தார். ஜெயித்தவர் அவர்தான். இனி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பார்க் முடிந்தது.

அப்போது கேரவனிலிருந்து அந்தப் புனே அம்மாள் இறங்கினார். எங்கள் எல்லோரையும் தாண்டி நேரே செல்லம்மா அக்காவிடம் போய்த் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். இந்தி அக்காவுக்குத் தெரியாது. ஆனால் கேட்டது என்னவென்று அவருக்குச் சட்டென்று புரிந்தது. வண்டி டேங்க் இரண்டு நாளாக நிறைந்து கிடந்திருக்கிறது. அக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்து மதில்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலிலேயே நின்று, அந்த அம்மாள் வெளியே வரும்வரை யாரையும் அண்ட விடவில்லை.

திரும்பி வந்து அண்ணாச்சிக்கு எதிரே நின்றார்.

"நீ சொன்னதே சரி. வீடே கட்டிருவோம்" என்றார் அண்ணாச்சி, தலையைத் தூக்காமல்.

அக்கா ஐந்து மாதத்துக்குப் பிறகு அவரிடம் நேரடியாகப் பேசினார். "ஊர்ல எத்தன பேருக்குத் தோண்டிக் குடுத்திருக்கிய. எனக்குத் தோண்ட மாட்டியளா? எனக்குத் தோண்டும்போது இவங்களுக்கும் சேத்துத் தோண்டுங்க. பாவம், பொம்பள எங்க போவா?"

அண்ணாச்சி அழுதார். நானும் அழுதேன், என்னத்துக்கு மறைக்க வேண்டும்.

எழும்பிய டேங்கை உடைத்து, புதுசாக ஒன்றை இறக்கி, அதன் கழுத்தில் காங்கிரீட் பட்டை போட்டு இறுக்கினார். நிலத்தின் ஒரு மூலையில் ஓட்டு வீடு வந்தது. மற்ற பக்கம் மூன்று வண்டி நிறுத்தலாம். அனுமதியும் கிடைத்தது. நான் கடையைப் பாலம் தாண்டித் தேவரா பக்கம் மாற்றிய பிறகு அந்தப் பக்கம் போவது குறைந்துவிட்டது. போன மாதம் பார்க்கின் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கையெழுத்து வாங்கப் போனேன். இரண்டு கேரவன் நின்றன. அண்ணாச்சி வீட்டுப் பின்பக்கம், கக்கூஸ் கதவுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து அக்காவும் போட வேண்டும், எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது, கொஞ்சம் கூப்பிடுங்களேன் என்றேன்.

"அவ உள்ள இருக்கா தாயி" என்றார் மெதுவாக. "போயி முக்கா மணி நேரம் ஆவுது. அவளா வரட்டும்."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் போனால் போகட்டும் என்று இருந்தது.