பொடிசை மீட்ட கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு,

சலவைக்கடையிலிருந்து உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்; அக்கா படித்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் உண்மையையே எழுதுகிறேன். கல்லூரிப் படிப்புக்காக என் வீட்டில் விட்டுச்சென்ற உங்கள் செல்ல மகளைத் தயவுசெய்து வந்து அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

படிப்பில் குறையில்லை. இளைஞர் சங்கம் ஒன்றில் சேர்ந்து தலைவியாகிவிட்டாள். அந்தச் சங்கமும் ஒரு சர்வதேச அமைப்பும் கைகோத்து, இந்த ஊரில் வேலைக்குப் போகும் குழந்தை ஒன்றுகூட இல்லாமல் செய்யப் போகிறார்களாம். நல்ல காரியம்தானே என்று சங்கத்துக்குக் கடை மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். வினையை விலை கொடுத்து வாங்குவார்கள். நான் மாடி கொடுத்து வாங்கினேன்.

என் கடையில் துணி தேய்க்கிற பொடிசு என்பவன் நாலரை அடிதான். மீசை முளைக்காத முகம். ஆனால் வயது முப்பத்து நாலு. மனைவியும் இரண்டு பெண்களும் உண்டு. போன வாரம் அமைப்பின் அதிகாரி அம்மாளை அழைத்துவர உங்கள் மகள் ரயிலடிக்குப் போயிருந்த நேரம், சங்கத்தின் புதுப் பையன்கள் ஜன்னல் வழியாக அவன் முதுகைப் பார்த்திருக்கிறார்கள். நான் பின்கட்டில் துவைக்கிற மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “தம்பி, பயப்படாத, நாங்க இருக்கோம்” என்று அவனை அலாக்காகத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய்ப் பாலும் ரொட்டியும் கொடுத்து, வண்ணப் பென்சிலையும் கையில் திணித்துவிட்டார்கள். தேய்ப்புப் பெட்டியோ ஒரு வக்கீலின் கோட்டு மேலேயே கிடந்து அதில் ஜன்னல் வைத்துவிட்டது! “வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?” என்று பிறகு கேட்டேன். “வாய் நெறைய ரொட்டி இருந்துச்சு மொதலாளி” என்கிறான்.

அதிகாரி அம்மாள் வந்து, குனிந்து அவன் தலையைத் தடவி, பெரியவனானதும் என்ன ஆக ஆசை என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். உங்கள் மகள் திகைத்துப்போய் அதைத் தமிழில் சொல்ல, இவன், “சின்னப் பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்துட்டா போதும்மா” என்றானாம். அதற்குள் அவன் மனைவி மாடிப்படியில் நின்று, “எம் புருஷன எறக்கி விடுறீங்களா இல்லியா?” என்று கூப்பாடு.

எதிர்வரிசை அட்டைப்பெட்டிப் பட்டறைக்காரன் தெருவைக் கூட்டிச் சிரித்தான். “இவங்களா என் பட்டறையச் சோதிக்கப் போறாங்க?” அவனுடைய பின்னறையில் குழந்தைகள் பசை ஒட்டுவது தெருவுக்கே தெரியும், ஆனால் யார் போனாலும் பெரியவர்களை மட்டுமே காட்டுவான். இப்படியே போனால் ஒத்துழைப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று அதிகாரி அம்மாளும் சொல்லிவிட, உங்கள் மகள் சாப்பிடாமல் அழுதாள்.

பொடிசுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “அழாத பாப்பா. எனக்கு ஒரு அரைக்கால் சட்டை மட்டும் குடு” என்று வாங்கி மாட்டிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போய் வேலை கேட்டான். தெருவுக்கு முதுகு காட்டியே துணி தேய்க்கிறவன் என்பதால் பட்டறைக்காரன் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை.

“வயசென்ன?”

“பன்னெண்டுங்க.”

“யாராச்சும் கேட்டா பதினெட்டுன்னு சொல்லணும். தெரிஞ்சுதா?”

இப்படியாகப் பின்னறைக்குள் போனவன், சந்துப் பக்கக் கதவின் உள்தாழ்ப்பாளைத் திறந்துவிட்டான். சந்தில் காத்திருந்த சங்கத்துப் பிள்ளைகளும் அதிகாரி அம்மாளும் தொழிலாளர் ஆய்வாளரும் உள்ளே நுழைந்தார்கள். “எல்லாருக்கும் பதினெட்டு ஆச்சுங்க!” என்று பட்டறைக்காரன் அலற, பொடிசு எழுந்து நின்று, “எனக்கு முப்பத்தி நாலுங்க” என்றானாம்.

அங்கிருந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களில் சின்னவளைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, “எத்தன பெட்டி ஒட்டினப்புறம்?” என்று கேட்டாளாம்.

அதெல்லாம் சரி அத்தான், என் பிழைப்பு? பொடிசு இப்போது சங்கத்தின் கூட்டம் ஒன்று விடாமல் போய்ப் பேசுகிறான். துணி மலைபோல் குவிந்துகிடக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள், உங்களுக்கு முழங்கால் வலி குறையட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: வர வேண்டாம். தபாலில் போடுவதற்குள், பொடிசும் இல்லையே என்று என் ஒன்பது வயது மகளைக் கைக்குட்டை மடிக்க உட்கார வைத்தேன். உங்கள் மகள் அதிகாரி அம்மாளோடு உள்ளே வந்துவிட்டாள். “மாமா, நீங்களுமா?” என்று கேட்டாள் பாருங்கள், பூமி பிளக்காதா என்றிருந்தது. எனக்காக அந்த அம்மாளிடம் பரிந்து பேச அவளை விட்டால் நாதியில்லை; அவள் இங்கேயே இருக்கட்டும். என் மகள் தெருவில் பந்து விளையாடுகிறாள். கைக்குட்டைகளை நான் மடித்துக்கொண்டிருக்கிறேன்.