மலையடிக் கல்லூரியின் பத்தாவது இடம்

ஒரு காட்டில் புலி, மான், முயல் எல்லாம் இருந்தன. அது எந்தக் காட்டிலும் இருப்பதுதான். இந்தக் காட்டில் கூடவே மூன்று மருத்துவக் கல்லூரிகளும் இருந்தன. மலையடி, கரடிப்பாறை, ஆற்றோரம் என்று பெயர். ஒவ்வொன்றிலும் பத்தே பத்து இடம். அந்த முப்பது இடத்துக்கு வருஷா வருஷம் காடே திரண்டு பரீட்சை எழுதியது.

அந்தக் காட்டில் மாசிலாமணி என்று ஓர் உடும்பு. நீர்நிலை அலுவலகத்தில் தபால் பிரிக்கிற வேலை. அதற்காக யாரும் அவரைத் தேடி வந்ததில்லை. தேடி வந்ததெல்லாம் கட்-ஆஃபுக்காக. எந்த வருஷம் எந்தக் கல்லூரியில் கடைசி இடம் எத்தனை மார்க்கில் முடிந்தது என்று பத்து வருஷக் கணக்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். கல்யாண நாள் என்றைக்கு என்று கேட்டால்தான் முழிப்பார்.

அவர் பேர் எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் ஒரு குரங்குக் குடும்பம், பிள்ளை முந்நூறு மார்க் வாங்கிவிட்டான், தகுதி பெற்றுவிட்டான் என்று மரத்துக்கு மரம் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தது. மாசிலாமணி இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே, "தகுதின்னா சீட்டு இல்லப்பா. வரிசையில நிக்கலாம்னு அர்த்தம். கதவு எங்க மூடுதோ அதுதான் கட்-ஆஃப்" என்று விளக்கினார். குரங்குகளின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் அன்றிலிருந்து விவரம் தெரிந்தவர் என்றால் அவர்தான்.

அவருக்கு ஒரே மகள், இளவேனில். சின்ன வயதில் அவள் வால் பாறை இடுக்கில் மாட்டி நசுங்கியது. மலையடி மருத்துவமனையில் ஒரு யானை டாக்டரம்மா ராப்பகலாகப் பார்த்துப் பாதி வாலைக் காப்பாற்றிக் கொடுத்தார். அந்த அம்மா படித்த கல்லூரியில் தானும் படிக்க வேண்டும், அந்த வார்டில் தானும் நிற்க வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்தவள் விடவில்லை. உடும்புப் பிடி ஆயிற்றே. பரீட்சை எழுதிய வருஷம் ஐந்நூறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாங்கினாள்.

மலையடியின் போன வருஷக் கட்-ஆஃப் நானூற்று இருபத்தொன்று. கரடிப்பாறை நானூற்றுப் பத்து. ஆற்றோரம் நானூற்றிரண்டு.

ரிசல்ட் வந்த மறுநாள் ஆலமரத்தடியில் மாசிலாமணி கூட்டம் போட்டார். கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமா, ஒரு இலை கீழே விழ இடம் இல்லை. இந்தக் கதையைச் சொல்கிற நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன்தான். அதனால் கேலி பண்ண எனக்கு உரிமை உண்டு. மலையடி இந்த வருஷம் நானூற்று நாற்பதுக்கு எகிறும், அதற்குக் கீழே இருப்பவர்கள் அதை மறந்துவிட வேண்டும் என்றார் அவர். விண்ணப்பத்தில் சும்மா எழுதிப் பார்க்கலாமே என்று ஒரு முயல் கேட்டது. கிடைக்காத கல்லூரியை எழுதினால் இடம் ஒதுக்குகிற கம்ப்யூட்டருக்கு நம்மேல் மதிப்பு போய்விடும், பேராசைக்காரன் என்று ஒதுக்கிவிடும் என்று பதில் வந்தது. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு குணம் உண்டா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் அதை அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு வராத குடும்பம் ஒன்றே ஒன்று. குட்டையில் கிடந்த எருமைக் குடும்பம். கன்று தங்கவடிவு முந்நூற்று எழுபத்தொன்று வாங்கியிருந்தாள். வெயில் கடுமையாக இருந்ததால் தாயும் மகளும் சேற்றை விட்டு எழவில்லை.

வீட்டில் விண்ணப்பம் நிரப்பும்போது மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் கரடிப்பாறை, இரண்டாவதில் ஆற்றோரம். மூன்றாவது கட்டத்தின் மேல் இளவேனில் விரலை வைத்தாள்.

"அப்பா, மலையடியையும் ஒரு வரி எழுதிருவோம். இடம் காலியாத்தானே இருக்கு."

"காலியா இருக்கட்டும்."

"கெடைக்கலன்னா போகுது. எழுதுறதுல என்னப்பா?"

மாசிலாமணிக்கும் எழுதினால் என்ன என்றுதான் இருந்தது. ஆனால் விண்ணப்பப் பட்டியலை ஆலமரத்தில் ஒட்டுவார்கள். நானூற்று நாற்பதுக்குக் கீழே யாரும் எழுதாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டை வைத்துக்கொண்டு சொந்த மகளே எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா? "அப்பா பத்து வருஷமா பாக்குறேம்மா. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் நீளமாக ஒரு கோடு போட்டார். இளவேனில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. காடு முழுக்க மாசிலாமணி சொன்னபடியே கரடிப்பாறைக்கும் ஆற்றோரத்துக்கும் பாய்ந்திருந்தது. கரடிப்பாறை நானூற்று இருபத்து நான்கில் மூடியது. ஆற்றோரம் நானூற்றுப் பதினேழில் மூடியது. இளவேனில் இரண்டுக்கும் வெளியே நின்றாள்.

மலையடியில் நானூற்று நாற்பதுக்கு மேல் வாங்கிய ஒன்பது பேர் ஒன்பது இடத்தை எடுத்துக்கொண்டார்கள். பத்தாவது இடத்தைக் கேட்டு மொத்தக் காட்டிலும் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்திருந்தது. முந்நூற்று எழுபத்தொன்று, எருமை தங்கவடிவு. எந்தத் தைரியத்தில் எழுதினாய் என்று எல்லோரும் போய்க் கேட்டார்கள். அவள் அசை போட்டுக்கொண்டே, "மூணு கட்டம் இருந்துச்சு. மூணையும் நெரப்புனேன்" என்றாள்.

இளவேனில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பாவைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் மாசிலாமணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் தண்ணீர் குடிக்க வந்தவள், "ஒரு வரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாசிலாமணி இனி வாயே திறப்பதில்லை என்று பொந்துக்குள் போய்ச் சுருண்டுகொண்டார்.

நான்காம் நாள் வாசலில் பெருங்கூட்டம். அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று மாசிலாமணி பின்வாசலைத் தேடினார். பார்த்தால், எல்லோரும் இளைய குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மலையடி ஏன் அப்படி விழுந்தது என்று அவரைத் தவிர யாரால் விளக்க முடியும்? அவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. யாரும் கேட்காததால் விழுந்தது என்று ஒரு மணி நேரம் விளக்கினார். யாரால் யாரும் கேட்கவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டார். கடைசியில், அடுத்த வருஷம் எல்லோரும் மலையடியை மட்டும் எழுதுங்கள், முந்நூற்று எழுபத்தொன்றே போதும் என்று முடித்தார். கூட்டம் கைதட்டியது. நானும் குறித்துக்கொண்டேன்.

இளவேனில் ஒரு வருஷம் ராப்பகலாக மறுபடி படித்து மறுபடி எழுதினாள். நானூற்று ஒன்பது வந்தது. ஒரு வருஷ உழைப்பில் மூன்று மார்க் குறைவு. விண்ணப்பத்தை அப்பா கேட்டபோது அவள் கொடுக்கவில்லை.

"நானே எழுதிட்டேன்ப்பா. மூணு கட்டமும்."

"ஆற்றோரம் எதுக்கும்மா? மலையடி ஒண்ணு போதும்னு ஊருக்கே சொல்லியிருக்கேன்."

"அதனாலதான்" என்றாள்.

காடே மலையடியில் போய் முட்டிக்கொண்டது. கட்-ஆஃப் நானூற்று நாற்பத்தாறு. முந்நூற்று எழுபத்தொன்றை நம்பி வந்ததெல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்தன. கரடிப்பாறை இடங்களை, மலையடி தவறினால் இது என்று ஜாக்கிரதையாக எழுதியிருந்த நாலைந்து கெட்டிக்காரக் குடும்பங்களும், கூட்டத்துக்கே வராத வெளிக்காட்டுப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். ஆற்றோரத்தில் இடம் இருந்தது. இளவேனிலுக்குக் கிடைத்தது.

அவள் கேட்டது மலையடி, கிடைத்தது ஆற்றோரம். ஆனாலும் கடிதத்தைப் பாதி வாலில் சுற்றி வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள். மாசிலாமணி ஒரு மூலையில் உட்கார்ந்து ஓசைப்படாமல் அழுதார். அது நிஜ அழுகைதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே ஆலமரத்துக்குப் போனார். பெரிய இலையாகப் பார்த்து எழுதி ஒட்டினார்: "என் வழிகாட்டுதலில் என் மகளே ஆற்றோரத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். நானூற்று ஒன்பதே மார்க். அணுகவும்: மாசிலாமணி."

கல்லூரிக்குக் கிளம்பிய இளவேனில் அதைப் படித்தாள். கிழிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். இலையின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. அதை நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு, மரத்தடியில் நின்ற அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை ஆலமரத்தடியில் இடம் கிடைக்கவில்லை. நான் ஐந்தாவது வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று.

நீதி: சீட் கிடைத்தால் அது அப்பாவின் கணிப்பு, கிடைக்காவிட்டால் அது பிள்ளையின் மார்க்.