பாட்டிலின் அடியில் ஒரு நாடு

கொல்லிமலையில் எதையும் மேலோட்டமாகப் பார்த்து நம்பாத ஒரே மனிதர் குத்தூசியார்தான். மேகம் திரண்டு வந்தால்கூட அதன் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மழை என்று ஒப்புக்கொள்வார்.

மலைமேல் வளப்பூர் நாடு என்ற பகுதியில் அவருக்கு மிளகு வியாபாரம். மூட்டையின் அடிவயிற்றில் இரும்புக் குத்தூசியைச் செருகி, வழிகிற மிளகைத் தேய்த்து முகர்ந்த பிறகே விலை பேசுவார். "மேலாப்புல முத்து, அடியில பதரு. ஒலகமே அவ்வளவுதானுங்க." கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வந்தால், "அடியோட கலக்கி ஊத்து கண்ணு" என்பார். பஸ்ஸில் கடைசி சீட்டுதான். "வண்டியோட யோக்கியதை பின்னாடிதானுங்க தெரியும்." அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவும் எகிறி எகிறி ஏறி வந்து, மண்டையைத் தடவிக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்குவார். பக்கத்து வீட்டில் குடியிருந்த நான் எழுதிய கட்டுரையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துவிட்டு, "தேறுமுங்க" என்று சொன்ன ஒரே வாசகரும் அவர்தான்.

அவருடைய ஒரே மகள் கனகா செவிலி. ஒரு வருடப் பயிற்சிக்கு ஜப்பான் போனபோது சும்மா இருந்தவர், அங்கேயே நிரந்தர வேலை என்றதும் குத்தூசியைத் தூக்கிவிட்டார்.

"மோந்து பாக்காத மூட்டையவே நான் எடுக்கறதில்லீங்க. மோந்து பாக்காத நாட்டுல புள்ளைய எப்படிங்க உட்டு வெக்கறது?"

பயிற்சி முடிந்து ஊர் வந்திருந்த அவள் திங்கட்கிழமை பதில் அனுப்பியாக வேண்டும். அப்பா வாயால் 'போ' என்று வராமல் போகமாட்டாள். ஞாயிறு மத்தியானம், நானும் அங்கே உட்கார்ந்திருக்க, அவித்த குச்சிக்கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்தாள்.

"சாக்கேங்கப்பா, ஜப்பான்காரங்க அரிசிக்கள்ளு. அந்த ஊரு அரிசி, அந்த ஊரு தண்ணி. நாட்டையே கொண்டாந்துட்டேன், மோந்து பாருங்க."

முதல் பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி, இளஞ்சூட்டில் சின்னக் கிண்ணத்தில் ஊற்றினாள். குத்தூசியார் கிண்ணத்தைக் கையால் மூடினார்.

"மேலாப்பு வேண்டாங்கண்ணு. அடி."

"பாட்டில்ல ஏதுங்கப்பா அடி? எல்லாம் ஒண்ணுதான்."

"எல்லா யாவாரியும் இதையேதான் சொல்றான்."

குத்தூசியை உள்ளே விட்டுப் பார்த்தார், கழுத்தோடு நின்றுவிட்டது. அடிக்குப் போக ஒரே வழி, மேலே இருப்பதைக் காலி செய்வது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் ஒரு தந்தையின் ஐயம் தீர நான் பாடுபட்டேன். மழை நின்ற பாறையை நக்கியதுபோல் இருந்தது, இனிப்பில்லை, தெளிவு. கடைசி மடக்கை அவர் முகர்ந்து, உறிஞ்சி, "தண்ணி நல்ல தண்ணிதானுங்க" என்றார்.

இரண்டாவது, கின்ஜோ என்ற ரகம். குளிர்ந்தது. மூடியைத் திறந்ததும் மலைவாழை பழுத்த அறைக்குள் நுழைந்தாற்போல மணம். நான் மேலாப்பை இறக்கிவிட்டு அடியை நீட்டினேன். குத்தூசியார் சீறினார்.

"அரிசியில எப்படி வாழப்பழம் மணக்கும்? எசென்ஸு!"

"இல்லீங்கப்பா. அரிசியப் பாதிக்குப் பாதி தீட்டி எறிஞ்சிருவாங்க. உள்ளாற இருக்கற மணிய மட்டும் ஊற வெப்பாங்க. மணம் அதுல வர்றது."

"மேலாப்பை வீசிப்போட்டு உள்ளாறதை எடுக்கறானா?" அவர் குரல் தழைந்தது. "அட, நம்மாளு!"

மூன்றாவது, நிகோரி என்ற ரகம். அதற்குள் எதிர் மலை எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நான் பாதியில் இருந்தபோது அவர் கத்தினார்.

"நிறுத்துங்க! அடியில வண்டலு!"

கனகாவின் முகம் வெளுத்தது. "அது அரிசி மாவுங்கப்பா. வடிகட்டாம உடுவாங்க. குலுக்கித்தான் குடிக்கோணும்."

அவர் குலுக்கவில்லை. மீதித் தெளிவை முழுக்க எனக்கே ஊற்றிவிட்டு, வெள்ளை வெளேரென்று நின்ற வண்டலைத் தன் கிண்ணத்தில் சரித்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். குச்சிக்கிழங்கு ஆறிப்போனது.

"நாப்பது வருசமா குத்தறேன்," என்றார் மெதுவாக. "மேலைவிட அடி நல்லாருக்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன். போயிட்டு வா சாமி."

கனகா போய் எட்டு மாதமாகிறது. அந்த நிகோரியின் காலி பாட்டில் அவர் கடையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே நிற்கிறது. போன வாரம் நான் போயிருந்தபோது அவர் மூடியைத் திருகி, வெகுநேரம் மூக்கில் வைத்திருந்தார்.

"புள்ள இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டிருக்குதுங்க."

என்னிடமும் நீட்டினார். மிளகு வாசனையைத் தவிர அதில் எதுவும் இல்லை.

"ஆமாங்க," என்றேன். "ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்குது."