கெட்டிமேளத்தை வெட்டிய பெட்டி

வேலையை விட்டுவிட்டு ஊரில் வந்து உட்கார்ந்து எதையாவது உருவாக்குகிறவனுக்கு ஒரு வியாதி வரும். தன் கருவியை நாலு பேர் முன்னால் ஓட்டிக் காட்டியே தீர வேண்டும் என்ற வியாதி. எனக்கு அது முற்றிப்போய் அக்கா கல்யாணத்தில் வெடித்தது.

பெங்களூர் வேலையை உதறிவிட்டு ஆரணி வீட்டு மாடியில் நான் செய்துகொண்டிருந்தது, ஒலியைச் சுத்தம் செய்யும் மின்னணு அட்டைகள். டிபன் கேரியர் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம். ஒரு அட்டை மைக்கிலிருந்து சத்தத்தை வாங்கும், ஒன்று வேண்டாததை வெட்டும், ஒன்று மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். வேறு இயந்திரத்துக்குள் பொருத்தினாலும் ஓடும், தனிப் பெட்டியாக வைத்தாலும் ஓடும். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் இதைப் பெருமையாக விளக்கினேன்.

"உள்ள வெச்சாலும் ஓடும், தனியா வெச்சாலும் ஓடும்ங்கற. இதுவரைக்கும் எங்கடா ஓடிச்சி?" என்றார்.

கையோடு கெடுவும் வைத்தார். கோமதி அக்கா கல்யாணத்துக்குள் ஏதாவது ஓர் இடத்தில் அது ஓட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பெங்களூர் பஸ்.

சரி, அந்தக் கல்யாணத்திலேயே ஓட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். (மேதை அல்லவா!) கல்யாணத்துக்குப் பேசியிருந்த மைக் செட் பாபு அண்ணனைப் போய்ப் பார்த்தேன். மைக் திடீரென்று 'கூ' என்று ஊளையிடுமே, அதுதான் அவருக்கு ஜென்ம எதிரி. என் பெட்டி அந்த ஊளையைக் கண்டுபிடித்து வெட்டிவிடும் என்றேன்.

"அது ஊளைனு பொட்டிக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"மனுசன் பேச்சு ஏறி இறங்கிகினே இருக்கும்ணா. ஊளை ஒரே சுருதியில நிக்கும். ஒரு செகண்டுக்கு மேல எது ஒரே சுருதியில நின்னாலும் வெட்டிடும்."

சொல்லும்போது எனக்கே புல்லரித்தது. பெட்டியைச் சோதித்ததிலும் குறையே இல்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் சோதித்தேன், அம்மாவின் மிக்ஸி ஓடும்போது சோதித்தேன், ஓட்டு கேட்டு வந்த ஆட்டோவை வைத்துக்கூடச் சோதித்தேன். நாதஸ்வரத்தில் மட்டும் சோதிக்கவில்லை. அது எதற்கு, கல்யாணத்துக்குத்தானே கொண்டுபோகிறோம்!

சேவூர் ரோட்டு மண்டபத்தில் காலையிலிருந்து பெட்டி பிரமாதமாக ஓடியது. ஐயர் சட்டையில்லாத தோளில் துண்டோடு சேர்த்துக் குத்தியிருந்த சின்ன மைக்கில் மந்திரம் கண்ணாடி போலக் கேட்டது. நாதஸ்வரமும் அதுவரை எங்கும் நீளமாக நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால் தப்பித்தது. மேளக்காரர்களின் மைக்குக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, நான் கைகட்டி நின்றிருந்தேன். யாராவது வந்து 'இது யார் செய்தது?' என்று கேட்க மாட்டார்களா என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

முகூர்த்த நேரம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார். தாலி ஏறும்போது ஒரு தும்மலோ அபசகுனமான பேச்சோ காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே கெட்டிமேளம்? நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்து, உச்சத்தில் நீளமாக ஒரு பிடி பிடித்தார்.

ஒரு செகண்ட் ஆனது. பெட்டி கடமையைச் செய்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காணாமல் போனது. அவர் வேறு சுருதிக்குப் போனார், அதையும் வெட்டியது. அவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, வாயில் வைத்து ஊதும் சீவாளி உடைந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நிறுத்தியதைப் பார்த்துத் தவில்காரரும் நிறுத்திவிட்டார்.

மண்டபம் கப்சிப் ஆனது. இப்போது மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் என் இன்னொரு அட்டை விழித்துக்கொண்டது. அந்த அமைதியில் யார் முணுமுணுக்கிறார்கள் என்று தேடி, மைக்குக்குப் பக்கத்திலேயே ஒருவனைக் கண்டுபிடித்தது.

"ஐயோ... போச்சி... எல்லாம் போச்சி!"

என் குரல்தான். மண்டபத்து ஸ்பீக்கர் அத்தனையிலும், வாசலில் கட்டியிருந்த குழாயிலும் துல்லியமாக ஒலித்தது. (ஒலித் தரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.) மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பதுபோலப் பெட்டியைப் பார்த்தார். அக்கா குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கெடுவாவது, பெட்டியாவது! அவள் நல்ல நாளை நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஐயரின் மைக் வழியாக மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"இன்னா போச்சி? நான் கட்டிகினுதான் இருக்கறேன். பேஜார் பண்ணாத மச்சான், மேளத்த வாசிக்கச் சொல்லு."

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார். அக்கா சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி ஆடியது. பாபு அண்ணன் ஒரே தாவலில் வந்து என் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். முதல் முடிச்சு என் ஒப்பாரியிலும் மற்ற இரண்டும் கெட்டிமேளத்திலும் விழுந்தன.

பந்தியில் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஓடிச்சிடா. மேளக்காரனையே ஓட ஓட வெரட்டிச்சி," என்றார். எப்படியோ ஓடியதாகக் கணக்கு வைத்துக்கொண்டு, கெடுவை நீட்டித்தார். பாபு அண்ணனும் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஒரே அமுக்கில் அதை நிறுத்திவிட ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் வைத்தால்தான் தொடுவேன் என்று நிபந்தனை போட்டார். அன்றிலிருந்து என் எல்லாப் பெட்டிகளிலும் அந்தப் பொத்தான் உண்டு. வெளியூர்க்காரர்கள் எதற்கு என்று கேட்டால், பாதுகாப்பு வசதி என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வேன்.

சேத்துப்பட்டில் அக்கா வீட்டில் பால் பொங்கினாலும், கரண்ட் போனாலும், மாமா என் குரலில் "ஐயோ... போச்சி... எல்லாம் போச்சி!" என்று ஆரம்பித்துவிடுவார். போன மாதம் அவர்கள் பையனுக்குக் காது குத்து. பையன் தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், என்னை விட்டால் வேறு ஆளில்லை. பத்திரிகை வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன அதே பத்திரிகைதான், அடியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்:

'குறிப்பு: தாய்மாமன் அவசியம் வரவும். பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.'