வட்ட விளக்கில் நீள்சதுரக் குமிழி

வெள்ளவத்தை,
14.10.2007

அன்பின் மைத்துனர் சிவபாலனுக்கு,

இறைவன் கிருபையாலும், இடையிடையே இராணுவத்தின் கிருபையாலும், நாங்கள் இங்கு சுகம். நீரும் உமது மனைவி மக்களும் ஸ்காபரோக் குளிருக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் இரண்டு பேர் கதைத்தால் மூன்று பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது. அந்த மூன்றாவது ஆளுக்கு இந்த விஷயம் தேவையில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன். கார் விளக்குக்கு ஒட்டவென்று நீர் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் தாள் கிடைத்தது. நான் கேட்டது மஞ்சள், நீர் அனுப்பியது கறுப்பு. அதுபற்றி எனக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை. கீழே வருவதெல்லாம் வெறும் தகவல்.

நீர் எண்பத்து நாலில் என் பொறுப்பில் விட்டுப்போன நீலக் காருக்கு, முன்விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் மிதிசுவிட்ச் போன மாரியோடு இறுகிவிட்டது. இங்கே சோதனைச் சாவடியை நெருங்கும்போது முன்விளக்கைத் தாழ்த்தி, உள்விளக்கைப் போட்டு, முகத்தை நல்ல பிள்ளை போல வைத்துக்கொள்ள வேண்டும். முகத்தை வைத்துக்கொண்டேன், உள்விளக்கைப் போட்டேன், முன்விளக்கு மட்டும் தாழவில்லை. தெஹிவளைப் பாலத்தடியில் ஒரு சிப்பாய் கண்ணைப் பொத்திக்கொண்டு ஏசிய ஏச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை, விளங்கிய பாதியை எழுத முடியாது. அணைத்துவிட்டுப் போகலாமே என்பீர். அணைத்தால் மறுபடி எரிவதும் எரியாததும் அந்தக் காரின் விருப்பம். அப்போதுதான் நீர், “அத்தான், இஞ்சை பெடியள் எல்லாம் லைட்டுக்குத் தாள் ஒட்டித்தான் ஓடுறாங்கள், நான் அனுப்பிவிடுறன்” என்றீர். ஒளி எப்போதும் தாழ்ந்தபடியே இருந்தால் ஒருவரும் ஏசமாட்டார்கள் என்று நானும் கணக்குப் போட்டேன்.

அவசரம் என்னவென்றால், மகள் அருந்ததியைப் பெண் பார்ப்பதற்கு மாப்பிள்ளையின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து நேற்றுப் பின்னேரம் இரத்மலானையில் வந்து இறங்கவிருந்தார்கள். தகப்பன் தியாகராசா மாஸ்டர், தாய் நாகேஸ்வரி, மாப்பிள்ளை மெல்பேணில். யாழ்ப்பாணப் பாதை மூடிய நாளிலிருந்து பிளேனில் இடம் எடுப்பதென்றால் எத்தனை மாதம் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமென்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. அருந்ததிக்கு இதற்கு முன் மூன்று இடம் பொருந்தி வந்தது. ஒன்று சாதகத்தில் நின்றது, ஒன்று பிளேன் சீட்டு கிடைக்காமல் பலாலி விமானத்தளத்தில் நின்றது, ஒன்று ஏன் நின்றதென்று இன்றுவரை தெரியாது. “அப்பா, இதுதான் கடைசி. இதுவும் நிண்டுதெண்டா இனி ஒருத்தரும் என்னைப் பார்க்க வரக்கூடாது” என்று பிள்ளை சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆகவே நேற்று மத்தியானம் காரைக் கேற்றுக்குள் விட்டு, உமது தாளோடு வந்த படங்களைப் பார்த்து வேலையைத் தொடங்கினேன். விளக்கைக் கழுவ வேண்டும், சவர்க்காரத் தண்ணீர் தெளிக்க வேண்டும், தாளை வைத்து வழுவழுப்பான தட்டை ஒன்றால் தண்ணீரையும் குமிழியையும் ஓரத்துக்குத் தள்ள வேண்டும், சூடு காட்ட வேண்டும், மிஞ்சியதை வெட்ட வேண்டும். தெளிப்பதற்கு வீட்டில் வேறொன்றும் இல்லாததால் சாமியறைப் பன்னீர்ச் செம்பை எடுத்தேன். உமது அக்கா கண்டுவிட்டு, “இஞ்சேருங்கோ, வாற சனத்துக்கு அதாலைதானே பன்னீர் தெளிக்கிறது! சண்லைற் சவுக்காரம் மணக்கப் போகுது!” என்று கத்தினா. சூட்டுக்கு அருந்ததியின் தலைமயிர் காயவைக்கும் மெஷினை எடுத்தேன், அதற்கு அவள் தனியாகக் கத்தினாள். தள்ளுவதற்குத்தான் ஒன்றும் சரிவரவில்லை. தோசைக் கரண்டி கீறியது, அடிமட்டம் வளையவில்லை. கடைசியில் அலுமாரி லாச்சிக்குள் கையை விட்டு அடையாள அட்டையை எடுத்துவந்தேன். ஓரம் கூராக இல்லை, வளைகிறது, மேலே பிளாஸ்டிக், கைக்கும் அளவு. அரசாங்கம் இதற்கென்றே அடித்துத் தந்ததுபோல் இருந்தது.

சவர்க்காரத் தண்ணீர் தெறிக்கிறதென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். இடது விளக்கு வடிவாக முடிந்தது. வலது விளக்கில் தாளைப் பாதி தூக்கி, உள்ளே சிக்கிய தூசியை அட்டையால் வழித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடிக்க, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பிளேன் ஆறு மணிக்குப் பிறகுதான் வருமாம். திரும்பி வந்து பார்த்தால் நடுவில் ஒரு பெரிய குமிழி, அதுவும் நீள்சதுரமாக. வட்ட விளக்கில் நீள்சதுரக் குமிழி வருமோ என்று யோசிக்க வேண்டியவன்தான். யோசிக்கவில்லை. விரலால் அழுத்தினேன், முழங்கையால் அழுத்தினேன், மெஷினால் நன்றாகச் சூடு காட்டினேன். தாள் சுருங்கி அதைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டது. கறுப்புக்குள் தெரியவா போகிறது என்று விட்டுவிட்டேன்.

உமது அக்கா சமையலில் நிற்க, நான் தனியாகவே புறப்பட்டேன். மழை இருட்டு. தெஹிவளைப் பாலத்தடியில் விளக்கு தாழ்ந்துதான் எரிந்தது, ஆனால் வலது விளக்கின் நடுவே கரிய சதுரமொன்று நின்றது. அதே சிப்பாய். கையைக் காட்டி நிறுத்தி, விளக்கைப் பார்த்து, இரண்டடி பின்னுக்குப் போய்த் துவக்கை நிமிர்த்தினான். இறங்கச் சொன்னான். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். விளக்குக்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டான். குமிழி என்றேன். குமிழி சதுரமாக வருமோ என்று, நான் மத்தியானம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவன் கேட்டான். பிறகு, முதலில் ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, எடு என்றான். சட்டைப் பையில் கைவிட்டேன். ஒன்றுமில்லை. அந்த நொடியில்தான் அட்டையைக் கடைசியாக எங்கே பிடித்திருந்தேன் என்பது நினைவு வந்தது.

எனக்காகப் பயப்படவில்லை என்று எழுதினால் பொய், எனக்காகவும்தான். ஆனால் அருந்ததி பச்சைச் சேலை கட்டி, வேண்டாவெறுப்பாகப் பூ வைத்துக்கொண்டு நின்றதுதான் கண்ணுக்குள் நின்றது. அங்கே இரண்டு கிழங்கள் பெட்டியோடு வாசலைப் பார்த்து நிற்கப்போகிறார்கள், இங்கே நான் இரவு முழுக்கப் பொலிசில் இருக்கப்போகிறேன், நாலாவது இடமும் நிற்கப்போகிறது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் சேர்த்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, “மஹத்தயா, நீங்கள் கேட்பதும் அதுதான், சந்தேகப்படுவதும் அதுதான்” என்றேன். பன்னீர்ச் செம்பிலிருந்து தொடங்கி முழுக்கதையும் சொன்னேன்.

சிப்பாய் குனிந்து, டோர்ச்சைத் தாளோடு ஒட்டிப் பிடித்து நெடுநேரம் பார்த்தான். பிறகு மற்ற இருவரையும் கூப்பிட்டுக் காட்டினான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஒருவனின் தொப்பி விழுந்தது. “இது நீங்கள்தானோ, அங்கிள்?” என்றான். ஓமென்று சத்தியம் பண்ணினேன். அவன் என்னைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “பழைய படம். தருண காலே ஹரி லஸ்ஸனய் நே” என்றான். இளவயதில் நல்ல வடிவு என்கிறான், சிவபாலன்! கலியாணம் கட்டி முப்பத்து மூன்று வருடத்தில் உமது அக்காவின் வாயிலிருந்து வராத சொல், தெஹிவளைப் பாலத்தடியில் துவக்குப் பிடித்தவன் வாயிலிருந்து வந்தது. போ என்று தட்டிவிட்டான். மற்றச் சாவடிகளிலும் நான் காரை நிறுத்தி, சிங்களத்தில் “ஐ.சி. லைட்டுக்குள்ளே” என்றேன். குனிந்து பார்த்தார்கள், சிரித்தார்கள், விட்டார்கள்.

இனித்தான் விசேஷம். விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பின்சீற்றில் இருந்த தியாகராசா மாஸ்டருக்கு ஒரு சொல் சிங்களம் தெரியாது. அவர் கண்டது இவ்வளவுதான்: ஒவ்வொரு சாவடியிலும் நான் ஒரு வசனம் சொல்கிறேன், சீருடைக்காரன் காருக்கு முன்னால் போய்த் தலையைக் குனிகிறான், சிரித்த முகத்தோடு வந்து போகச் சொல்கிறான், யாழ்ப்பாண விலாசத்தோடு கையில் தயாராக வைத்திருந்த அவர்களின் அட்டைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதலாவது சாவடியில், “ஐயாவை இவைக்கு முன்னமே தெரியுமோ?” என்றார். கல்கிசையில், “அண்ணை, உங்களுக்கு மேலிடத்திலை ஆள் இருக்குப் போலை” என்றார். தெஹிவளையில் நமது சிப்பாய் பொனெற்றில் தட்டி, “அங்கிள், குட் நைட்!” என்றதும் சம்பந்தி என்றே கூப்பிட்டுவிட்டார்.

நான் இல்லையென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. மழையைப் பற்றிக் கதைத்தேன். வீட்டில் பன்னீர் தெளித்தபோது நாகேஸ்வரி அம்மா, “நல்ல சவர்க்கார வாசம், துப்புரவான வீடு” என்றா. அருந்ததிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. இடியப்பம் முடியுமுன்னே விஷயம் முடிந்தது. பிள்ளையும் ஓமென்றாள், சிவபாலன். கோப்பையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஆகவே அவர்கள் திரும்பிப் போகும்வரை நான் அந்தத் தாளைத் தொடுவதாயில்லை. அட்டை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இருபத்துச் சொச்ச வருடத்தில் நேற்றுத்தான் ஒருவரும் என் முகத்தில் வெளிச்சம் அடிக்காமல் காலி வீதியால் வந்தேன். அதில் இருக்கும் படத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைக்குமென்று முன்பே தெரிந்திருந்தால் வேளைக்கே ஒட்டியிருப்பேன். நீரும் மாப்பிள்ளை வீட்டாரோடு கதைக்கும்போது என் செல்வாக்குப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.

உம்மையும் உமது குடும்பத்தையும் ஆண்டவன் காக்க. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் தமிழ் வாசிப்பார்களாயின் இக்கடிதத்தை மட்டும் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உமது அன்பு அத்தான்
நாகேந்திரம்

பி.கு.: கடிதத்தை உறையிலிட்ட பிறகு ஒரு சிறு திருத்தம். வந்தவர்களைப் பொலிசில் பதிய வேண்டும், அதற்கு என் அட்டை வேண்டும் என்பது காலையில்தான் நினைவு வந்தது. அவர்கள் அருந்ததியோடு கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, சூடு காட்டித் தாளை உரித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் உள்ளே இருந்தது உமது அக்கா ஜெகதீஸ்வரி. சாவடிச் சென்ரிக்காரருக்குப் பயந்து பொட்டில்லாமல், தலையை இழுத்து வாரிக்கொண்டு எடுத்த படம். லாச்சிக்குள் இருந்தது அவவின் அட்டை மட்டும்தான். என்னுடையதை, மறந்துபோகக்கூடாதென்று முந்தின நாளே காரின் டாஷ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன். போகவர எல்லாச் சாவடியிலும் அது என் கையெட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறது. இவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம் என்று நான் அட்டையை நீட்டிச் சொல்ல, உமது அக்கா அட்டையை முந்தானையில் துடைத்தபடி, “அந்தப் பெடியன் சிங்களத்திலை என்னவோ சொன்னவனெண்டு ராத்திரிச் சொன்னனீங்கள், அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றா. மூன்று தரம் சொல்லவைத்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறா.