தூங்குமூஞ்சி மரத்தடியில் தூக்குக்குண்டு

விருதுநகர் மாவட்டத்தில் நேராக நிற்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்று நிரூபித்த ஒரே மனிதன் எங்கள் தூக்குக்குண்டுதான். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடுவாரே, அந்த இரும்புக் குண்டு எப்போதும் அவன் சட்டைப்பையில் கிடக்கும். வனவியல் படித்தபோது விடுதியில் என் அறைத்தோழன். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

விடுதிக் கதவு, கொடிக்கம்பம் எதையும் விடமாட்டான். விளையாட்டு விழாவில் விறைப்பாக நின்ற பிரின்சிபாலுக்குப் பின்னால் நூலைத் தொங்கவிட்டு, "சார் ரெண்டு டிகிரி இடப்பக்கம்லே" என்றான். பொரித்த பரோட்டா கடையில் அடுக்கிவைத்த பரோட்டாவுக்கும் அதே கதிதான்.

"அண்ணே, ஈர்ப்பு மையம் வெளிய வந்துருச்சு. இன்னும் ஒண்ணு வச்சீகன்னா அம்புட்டும் சரிஞ்சிரும். மேல உள்ள ரெண்டை இங்கன போட்டுருங்க."

மாஸ்டர் மிரண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

இப்பேர்ப்பட்டவன் எதில் அரியர் வைத்திருந்தான் தெரியுமா? இயற்பியலில்! அதுவும் இரண்டு தடவை. மரத்தின் நிழல் பத்து மீட்டர், சூரியன் நாற்பத்தைந்து டிகிரியில், மரத்தின் உயரம் என்ன என்று கேட்டிருந்தார்கள். 'தரை மட்டமா, சரிவா? மரம் நேரா, சாய்வா? இதைச் சொல்லாமல் கேட்பது நியாயமில்லை' என்று எழுதிவைத்துவிட்டு வந்தான் மகராசன். எனக்கும் அதே அரியர்தான். ஆனால் என் காரணம் எளிது, நான் படிக்கவில்லை.

அவன் அப்பாவுக்குச் சிவகாசியில் காலண்டர் பிரஸ். அவர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஏலே, இந்தத் தடவையும் போச்சுன்னா பேசாம வந்து பிரஸ்ல உக்காரு. மரம் எங்கயும் ஓடிராது. காலண்டர் சீசன் ஓடிரும்."

மூன்றாம் தடவை எழுத்துத் தேர்வை நானும் அவனும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டோம். மிச்சம் செய்முறை. மைதானத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் உயரத்தை ஒரு மணி நேரத்தில் அளந்து சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தன் புதுக் காரை அந்த மரத்தடியில்தான் நிறுத்தியிருந்தார். இவன் அண்ணாந்து பார்த்தான்.

"சார், காரை எடுத்துருங்க. மேல ஒரு கிளை சரியில்ல."

"முதல்ல மரத்தை அளப்பா."

"கார் நகந்தாத்தான் அளப்பேன் சார்."

"ஏலே, ஒங்கய்யா பிரஸ்ல நாற்காலி போட்டு வச்சிருக்காரு, மறந்துட்டியா?" என்று காதைக் கடித்தேன். கேட்டால்தானே! தேர்வாளர் முணுமுணுத்துக்கொண்டே காரை நகர்த்தினார். இவன் அந்தக் கிளையின் நீளம், பருமன், உத்தேச எடை, கவட்டில் அது கொடுக்கிற இழுப்பு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதினான். மணி அடித்துவிட்டது. மரத்தின் உயரம் மட்டும் தாளில் இல்லை.

தேர்வாளர் இரண்டு தடவை படித்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. அப்ப கிளை விழுமா?"

"இன்னைக்கு விழாது சார். மழையில நனைஞ்சு கனம் ஏறினாத்தான் விழும்."

"பிறகு எதுக்குய்யா காரை எடுக்கச் சொன்னே?"

"மழை எப்ப வரும்னு எனக்குத் தெரியாதே சார். அது வேற பாடம்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், இனி இவனுக்குக் காலண்டர்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அடுத்த மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவன் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான்.

ரிசல்ட் வந்தது. செல்போனில் அவன் நம்பரைப் போட்டேன். பாஸ்! உயரம் எழுதாமலே கிளைக் கணக்குக்கு மார்க் போட்டிருந்தார் அந்தத் தேர்வாளர். நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அவனைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒனக்கு என்னாச்சுலே?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் நம்பரை நான் இன்னும் போட்டே பார்க்கவில்லை.